ஜேர்மன் சோஃபாவுக்கு ஒரு விசாரிப்பு

அந்த ஐந்து நாளும் நான் ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் ஷோரூமில் மட்டும் எழுபத்திரண்டு சோஃபாக்கள் கிடந்தன. ஒன்றில் போய் இருப்பேன். கால் தானாக ஆடத் தொடங்கும். எழுந்து அடுத்த வரிசைக்குப் போவேன். விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒக்லாந்தில் மற்றவர்கள் எதில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவள் நான். எனக்கு உட்கார நேரமில்லை.

என் பெயர் ராகவி. நரேந்திரன் என்கிற மலேசியத் தமிழருக்கு இந்த ஊரில் மூன்று தளபாடக் கடைகள் இருக்கின்றன. மவுண்ட் வெல்லிங்டனில் பெரியது, மவுண்ட் ஆல்பர்ட்டில் சின்னது, துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று. எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில், எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஒன்பது வருடமாக நான் எழுதிக் கொடுத்ததை அவர் திருப்பிப் பார்த்ததில்லை. "ராகவி சொன்னா சரிதான்" என்பார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் நான் தலை நிமிர்ந்து திரிந்தேன். எனக்குப் பொறுமை குறைவு என்று அம்மா சொல்வா. பொறுமையே இல்லை என்று என் கணவர் பிரணவன் சொல்வார். நேர்மை குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை.

முன்பு சோஃபா அனுப்பிய தொழிற்சாலை எங்கள் மானத்தை வாங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் இருக்கை குழி விழுந்து, ஆட்கள் படமெடுத்துக்கொண்டு கடைக்கு வந்து சண்டை பிடித்தார்கள். நரேந்திரன் ஒரு நாள் மேசையில் தட்டிச் சொன்னார்: "போதும் லா. இனிமே சோஃபா எல்லாம் ஜெர்மன்காரன்கிட்டதான். ஒரே கம்பெனி. ரெண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட். தேடிப் பாருங்க."

பதினொரு கம்பனிகளில் தொடங்கினேன். ஒரே மாதிரியில் ஒரு கொண்டெய்னர் நிறைய எடுத்தால்தான் விற்போம் என்றவர்களை முதலில் வெட்டினேன். பெயர்ப்பலகை மட்டும் ஜேர்மனியில், மரச்சட்டம் வேறு எங்கோ என்றிருந்த மூன்று பேரை அடுத்து வெட்டினேன். ஐந்து வருடம் கழித்து ஒரு கால் உடைந்தால் அந்தக் காலை மட்டும் தனியாக அனுப்புவீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் காணாமல் போனார்கள். கடைசியில் இரண்டு கம்பனி மிஞ்சியது. ரூட்டன்ஹாஃப், க்ளெஃபெல். இரண்டும் ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில், ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தூரத்தில். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அதாவது அவர்களுடைய காலை எட்டுக்கு, ஒன்றோடு கையெழுத்து.

க்ளெஃபெலில் ஹென்ரிக் என்று ஒருவர். எதைக் கேட்டாலும் "பிரச்சினையே இல்லை" என்பார். எங்கள் ஊர் வெயில் பொல்லாதது; ஜன்னலோரம் வைத்த சோஃபா இரண்டு கோடையில் வெளிறிப் போகும்; உங்கள் துணி தாங்குமா? பிரச்சினையே இல்லை. ஒக்டோபரில் சாமான் வேண்டும், ஏலுமா? பிரச்சினையே இல்லை.

ரூட்டன்ஹாஃபில் திருமதி ஷ்ட்ரூக் என்று ஒரு பெண்மணி. அவருக்கு எதுவுமே பிரச்சினைதான். நீங்கள் தெரிவுசெய்த நாற்பது துணிகளில் முப்பத்தொன்று உங்கள் வெயிலுக்கு உதவாது, ஒன்பதுக்குத்தான் நான் உத்தரவாதம் தருவேன் என்று எழுதினார். ஒக்டோபரில் தர முடியாது, கோடையில் மூன்று கிழமை தொழிற்சாலை பூட்டு, டிசம்பர்தான் என்று எழுதினார். நான் அதையே வேறு விதமாகத் திருப்பிக் கேட்டதற்கு, "இந்தக் கேள்வியை நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பதில் மாறவில்லை" என்று ஒரே வரி. வாசித்துவிட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த மனுஷியை நம்பலாம் என்றும் அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மாதிரிக்கு அவர்கள் அனுப்பிய சோஃபாவை நானும் களஞ்சியத்துப் பெடியளும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினோம். ஒரு இடத்திலும் அவர்கள் கைச்சோம்பல் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை என் அட்டவணை தயார். ரூட்டன்ஹாஃப். அதை அப்போதே நரேந்திரனுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏன் அனுப்பவில்லை என்றால், ரூட்டன்ஹாஃபில் யசி அண்ணா வேலை செய்கிறார்.

யசீகரன், என் பெரியம்மாவின் மகன். இருபத்திரண்டு வருடமாக அதே தொழிற்சாலையில் சோஃபாவுக்குத் தோல் இழுத்து அடிக்கிறவர். அந்தக் கம்பனியின் பெயரே எனக்கு அவரால்தான் தெரியும். எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், பொம்பிளை மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தன் கம்பனியைப் பற்றித்தான் கதைப்பார். நான் நரேந்திரனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொந்தக்காரனுக்கு வால்பிடிக்கிறாள் என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். அதே சமயம், உள்ளே எங்கள் ஆள் ஒருவர் இருக்கும்போது அவரிடம் ஒரு சொல் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை.

அது எங்கள் ஆட்களின் குணம். ஒரு சம்பந்தம் வந்தால் சாதகம், படிப்பு, வேலைக் கடிதம் எல்லாம் பார்ப்போம். ஆனால் நம்புவது விசாரிப்பைத்தான். மாப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தவன், ஒரே கடையில் வேலை செய்தவன், யாரையாவது தேடிப் பிடித்துக் கேட்போம். அதில் ஒரு முறை இருக்கிறது. நல்லது என்றால் கேட்ட உடனேயே அள்ளிக் கொட்டுவார்கள். கெட்டது என்றால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்த பழி வேண்டாம் என்று நழுவுவார்கள். என் தங்கை பிரசாந்திக்கு ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்தோம். அவரோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த ஒருவரைப் பிடித்தோம். மனுஷன் ஒரு கிழமையாக ஃபோனே எடுக்கவில்லை. எடுத்தபோது பனி கொட்டுவதைப் பற்றியே கதைத்தார். அம்மா அன்றே அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டா. பிறகு பார்த்தால் அந்த ஆளுக்குச் சூதாட்டம், கையெழுத்து மோசடி, எல்லாம் வெளியே வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சட்டம் மாதிரி.

திங்கள் காலை ஏழு மணிக்கு யசி அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே ஞாயிறு இரவு ஒன்பது.

"அண்ணா, எங்கட கடைக்கு உங்கட கொம்பனியில சோஃபா எடுக்கிறதெண்டு யோசிக்கிறம். எப்பிடி அண்ணா இப்ப அங்க? நம்பி எடுக்கலாமோ?"

அள்ளிக் கொட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ என்ன, இப்ப அங்க குளிரே பிள்ளை?"

"ஓம் அண்ணா, குளிர்தான். கொம்பனியைப் பற்றிக் கேட்டனான்."

"ஓமோம். கதைப்பம், கதைப்பம். நாளைக்கு விடியவேலை. நான் பிறகு எடுக்கிறன்."

எடுக்கவில்லை. செவ்வாய் ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்தது, பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். அதுவும் நீலம். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் குசினிக்கும் வாசலுக்கும் இடையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்தது. புதன்கிழமை ஒரு பதில் வந்தது: அங்கே ஹம் என்ற ஊரில் எங்கள் ஆட்களின் கோயில் தேர்த் திருவிழா வீடியோ. நான் சோஃபாவைக் கேட்டேன், மனுஷன் தேரைக் காட்டுகிறார்! வியாழன் காலை மறுபடி எடுத்தேன். "சிக்னல் இல்லை, கேக்கேல்லை பிள்ளை" என்று வைத்துவிட்டார். எனக்கு அவர் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அம்மா கதவடியில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்னவாம்?"

"ஒண்டும் சொல்லுறாரில்லை அம்மா. நழுவுறார்."

"அப்ப பிறகென்ன? விளங்குதுதானே. உள்ளுக்க இருக்கிறவன் சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லுவானே? விட்டிட்டு மற்றதை எடு."

திருமதி ஷ்ட்ரூக்கின் கடிதங்கள் ஒரு பக்கம் இழுத்தன. கழற்றிப் பார்த்த அந்தச் சோஃபா ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் அண்ணா இருபத்திரண்டு வருடம் உள்ளே இருப்பவர். கடிதத்தில் தெரியாதது அவருக்குத் தெரியும். கம்பனி கைமாறப் போகிறதோ, மரத்தை மாற்றிவிட்டார்களோ, யாருக்குத் தெரியும்? ரொறன்ரோ மாப்பிள்ளையின் கடிதங்களும் அழகாகத்தான் இருந்தன.

வியாழன் காலை அலுவலகத்தில் என் அட்டவணையைத் திறந்தேன். அதில் ஒரு பொய்யும் நான் எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நன்மை என்ற பக்கத்தில் இருந்ததைத் தீமை என்ற பக்கத்துக்குத் தூக்கி வைத்தேன், அவ்வளவுதான். "முப்பத்தொரு துணிக்கு உத்தரவாதம் தர மறுக்கிறார்கள்." "மூன்று கிழமை உற்பத்தியே இல்லை." "பதில்களில் வளைந்து கொடுக்கும் தன்மை இல்லை." க்ளெஃபெல் பக்கத்தில்: "எல்லாக் கேள்விகளுக்கும் சாதகமான பதில்." வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு. பதினொரு மணிக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் நரேந்திரன் என் கண்ணாடிக் கதவைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். "ராகவி சொன்னா சரிதான்."

முடிவெடுத்தால் மனம் அடங்கும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடினேன். நெடுஞ்சாலையில் வீட்டுக்குத் திரும்பும் பிரிவைத் தவறவிட்டு ஒனெஹங்காவைச் சுற்றி வந்தேன். பிரணவன் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. யசி அண்ணாவின் மனைவி, கல்யாணி அண்ணி. குரலை மிகவும் தாழ்த்திக் கதைத்தா.

"ராகவி, நான் குளியலறைக்குள்ள நிண்டு எடுக்கிறன். நீர் அவரிட்டை இனிக் கொம்பனியைப் பற்றிக் கேளாதேயும். கையெடுத்துக் கும்பிடுறன்."

"ஏன் அண்ணி? என்ன நடந்தது?"

"அவருக்கு அங்க வேலை இல்லை. ஒன்பது மாசமாச்சு."

நான் வாசலில் செருப்போடு நின்றேன். அண்ணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனா. வருடக்கணக்காகத் தோல் இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. கம்பனி வெளியே போ என்று சொல்லவில்லை. பொதி கட்டும் பகுதிக்கு மாறச் சொன்னார்கள். நேற்று வந்த பெடியளோடு நின்று நான் பெட்டி ஒட்டுறதோ என்று ரோஷப்பட்டு, கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணா வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போதும் விடிய ஐந்தரைக்கு வேலை உடுப்போடு, சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுவார். நகரத்து நூலகம் திறக்கும்வரை ரயில் நிலையத்தில் இருப்பார். இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து "இண்டைக்குச் சரியான வேலை" என்பார்.

"அப்ப உங்களுக்கு எப்பிடி அண்ணி தெரியும்?"

"தபால்ல ஒரு கடிதம் வந்தது, நான் பார்த்திட்டன். எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் மனுஷன் செத்துப்போவார், ராகவி. நீர் கேட்ட நாளில இருந்து படுக்கேல்லை. என்னெண்டு சொல்லுறது, நான் இப்ப ஆர் சொல்லுறதுக்கு எண்டு தனக்குள்ள புறுபுறுக்கிறார். உம்மட அம்மாவிட்டைகூடச் சொல்லிப்போடாதேயும்."

ஆனாலும் கேட்டேன். "அண்ணி, கொம்பனி எப்பிடி?"

"கொம்பனிக்கென்ன? தங்கமான ஆக்கள். எங்கட வீட்டில கிடக்கிறது அவையின்ர சோஃபாதானே. மூண்டு பிள்ளையள் மேல ஏறிக் குதிச்சு வளந்ததுகள், இன்னும் அப்பிடியே கிடக்கு. நான் வைக்கிறன், அவர் வாறார்."

அண்ணா நழுவியது கம்பனியில் குறை இருந்ததால் அல்ல. தான் இப்போது அங்கே இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினொரு கம்பனியை அலசி, சோஃபாவைக் கழற்றி, மூன்று மாதம் செய்த வேலையை ஒரு மனிதனின் வெட்கத்தை வைத்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டேன். அதுவும் நான், கெட்டிக்காரி! என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மா உள்ளேயிருந்து "ஆர் ஃபோனில?" என்று கேட்டா. "பிழையான நம்பர்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

எட்டரைக்கு நரேந்திரனின் அறையில் நின்றேன். கையெழுத்துக்கு ஒன்பதரை மணி நேரம் இருந்தது. அவர் மேசையில் க்ளெஃபெல் ஒப்பந்தம் அச்செடுத்து, பேனாவும் வைத்திருந்தார்.

"பொஸ், இதில கையெழுத்து வைக்காதேங்கோ. என்ர ரிப்போர்ட் பிழை. ரூட்டன்ஹாஃப்தான் சரி."

"என்னங்க இது? நேத்துதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"திங்கக்கிழமை எழுதின அட்டவணை இது. இதுதான் உண்மையானது. நேற்றுத் தந்தது நான் திருப்பி எழுதினது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். அவர் விரல் ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்கு ஓடியது. அதே வசனம், இங்கே நன்மை, அங்கே தீமை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் எழுதியதை அவர் இரண்டாம் முறை வாசித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

"நில்லுங்க ராகவி. ரூட்டன்ஹாஃபப் பத்தி யாரு உங்ககிட்ட தப்பா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"யாருமே சொல்லல, ஆனா நீங்க மாத்திட்டீங்க."

"ஓம். நானா ஏதோ நினைச்சுக்கொண்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"க்ளெஃபெல்காரன் உங்களுக்கு ஏதாச்சும் கொடுத்தானா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்: என் அண்ணா அங்கே வேலை செய்தவர், அவரைக் கேட்டேன், அவர் பேசாமல் இருந்தார், ஏனென்றால் வேலை போய்விட்டது. எல்லாம் தெளிந்துவிடும். நரேந்திரன் நல்ல மனிதர், சிரித்துக்கூட விடுவார். ஆனால் இன்று மாலை தன் மனைவி செல்விக்குச் சொல்வார். செல்வி ஞாயிற்றுக்கிழமை கோயில் பஜனையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பா. அம்மா வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்கு ஃபோன் எடுப்பா. திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு யசி அண்ணா சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, உலகத்துக்கே தெரிந்திருக்கும்.

"இல்லை பொஸ். ஒண்டும் தரேல்லை."

"அப்போ ஏன்?"

"அதைச் சொல்ல ஏலாது. என்னை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. ஆனால் இதில மட்டும் கையெழுத்து வைக்காதேங்கோ."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு நரேந்திரன் ஹென்ரிக்குக்கு ஃபோன் எடுக்கவில்லை. திருமதி ஷ்ட்ரூக்குக்கு எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, நான் இல்லாமல். நான் ஷோரூமில் வரிசை வரிசையாக நடந்தேன். விளக்குகளை அணைக்க வந்த பிள்ளை, என்னைக் கண்டு பாதியை விட்டுவிட்டுப் போனாள். ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது.

"பொம்பளையா அது! நான் என்ன கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்றாங்க" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. "அவங்ககிட்டயே போறோம். டிசம்பர்னா டிசம்பர்."

எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அடுத்ததைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராகவி, நீங்க இங்கயே இருங்க. ஆனா இனிமே நீங்க எழுதுறத விஷாலினி ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் என்கிட்ட வரட்டும்."

விஷாலினி அவருடைய மகள். போன வருடம்தான் பல்கலைக்கழகம் முடித்தவள். சோஃபாவை எந்தப் பக்கம் கழற்றுவது என்று நான்தான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். "சரி பொஸ்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொன்னதில் பிழை இல்லை. காரில் ஏறி, இயந்திரத்தைப் போடாமல், நன்றாக அழுதேன். ஒன்பது வருடம் சேர்த்த பெயர் ஒரு நாளில் போய்விட்டது. எடுத்துச் சொல்லவும் வழியில்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. ரூட்டன்ஹாஃபுக்கு ஓடர் கொடுத்த விசயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "நழுவினவனை நம்பி எடுத்திருக்கிறாய், பிறகு பார்" என்று முறைத்துவிட்டு, அடுத்த நிமிடமே பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்தா. அம்மாவுக்கு ஒரு விசயம் வயிற்றில் தங்காது. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபோது என் ஃபோன் அடித்தது. யசி அண்ணா.

"பிள்ளை! எங்கட கொம்பனியையே எடுத்திட்டியாம்! அம்மா சொன்னவ!" பழைய குரல். கலியாண வீட்டுக் குரல். "நீ கேட்டனியெல்லே, நான் சும்மா இருக்கேல்லை. மேல போய் எக்ஸ்போர்ட் ஆக்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிட்டனான். என்ர தங்கச்சியின்ர கடை, வடிவாப் பார்த்துச் செய்யுங்கோ எண்டு. இஞ்ச என்ர சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கு, தெரியும்தானே."

கத்தியைப் பலகையில் வைத்தேன். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. நான்கு நாள் என்னை அலைய விட்டு, என் பெயரைக் கெடுத்து, ஒரு சின்னப் பிள்ளையிடம் என்னைக் கணக்குக் காட்ட வைத்துவிட்டு, மதிப்பைப் பற்றிக் கதைக்கிறார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணா, எனக்கு எல்லாம் தெரியும்.

அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னச் சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"ஓம் அண்ணா" என்றேன். "நீங்கள் நிக்கிற இடமெண்டுதான் நம்பி எடுத்தனாங்கள்."

அண்ணா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"சந்தோஷம் பிள்ளை. சரி, நான் வைக்கிறன். வேலைக்கு நேரமாகுது."

அங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி. ரூட்டன்ஹாஃப் சனிக்கிழமை பூட்டு.

"ஓம் அண்ணா, பிந்திப் போகாதேங்கோ" என்றேன்.